கோலாலம்பூரிலும் பினாங்கிலும் வீட்டுத் தோட்டத்தில் பூண்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அக்டோபர் பிறந்ததும் கைப்பேசியில் பூண்டு நடும் காணொளிகள் வரிசையாக வரத் தொடங்கும். ‘இலையுதிர் காலத்தில் நடுங்கள், அடுத்த கோடையில் அள்ளுங்கள்’ என்பார்கள். அவர்கள் ஊருக்கு அது முழுக்க உண்மை. நமக்கோ இலையுதிர் காலமும் இல்லை, குளிர்காலமும் இல்லை. அதனால் நம்மவர்கள் பலர் ஆசையாக நட்டு, மூன்று மாதம் தண்ணீர் ஊற்றி, கடைசியில் தோண்டிப் பார்த்து மனம் சோர்ந்துபோகிறார்கள். தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டு வாசலிலும் பிளாட் பால்கனியிலும் செடி வளர்ப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

நம் ஊரில் பூண்டு விளையுமா, விளையாதா? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

தழை நன்றாக விளையும். கடையில் வாங்குவதைப் போல எட்டுப் பத்துப் பற்கள் கொண்ட முழுப்பூண்டு, கோலாலம்பூர், பினாங்கு போன்ற தாழ்நிலத்தில் கிடைப்பது மிக அரிது. ஆகவே தழைக்காக நடுங்கள் என்பதே என் ஆலோசனை. நான்கு வாரத்தில் சமையலுக்கு வந்துவிடும், ஏமாற்றமும் இல்லை. முழுப்பூண்டு வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் தனியாக ஒரு தொட்டியில் முயன்று பார்க்கலாம். அதற்கான வழியும் கீழே இருக்கிறது.

வெயில் இருக்கிறது, மழை இருக்கிறது, எதை நட்டாலும் முளைக்கிற மண் இருக்கிறது. பூண்டு மட்டும் ஏன் அடம் பிடிக்கிறது?

பூண்டுக்கு இரண்டு கட்டளைகள் வெளியிலிருந்து வர வேண்டும். ஒன்று குளிர், மற்றொன்று நீளும் பகல்.

முதலில் குளிர். பூண்டின் பூர்வீகம் மத்திய ஆசியா. அங்கே கடுங்குளிர் வந்து போன பிறகுதான் செடி தன் அடிப்பகுதியைப் பல பற்களாகப் பிரிக்கும். வகைக்கு வகை அளவு மாறினாலும், பொதுவாக 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே ஆறு முதல் எட்டு வாரம் தேவை. குளிர்நாடுகளில் இலையுதிர் காலத்தில் நடுவதன் காரணம் இதுதான். மண் உறைவதற்கு முன் பல் வேர் விடும். பனிக்காலம் முழுவதும் குளிரை வாங்கிக்கொள்ளும். வசந்தம் வந்ததும் வேகமாக இலை விடும். கோலாலம்பூரில் விடியற்காலையில்கூட 22 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். பல்லுக்குக் குளிர்காலம் வந்ததே தெரியாது.

அடுத்தது பகலின் நீளம். இதைப் பலர் கவனிப்பதில்லை. பெரும்பாலான பூண்டு வகைகள் பகல் 13, 14 மணி நேரத்தைத் தாண்டும்போதுதான் இலை விடுவதை நிறுத்திவிட்டு அடியில் பருக்கத் தொடங்கும். லண்டனில் டிசம்பரில் 8 மணி நேரத்துக்கும் குறைவாக இருக்கும் பகல், ஜூனில் 16 மணி நேரத்தைத் தாண்டும். கோலாலம்பூரில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறத்தாழ 20 நிமிட வித்தியாசம்தான். பினாங்கு சற்று வடக்கே இருப்பதால் அங்கே அது 40 நிமிடத்தை நெருங்கும். எப்படிப் பார்த்தாலும் நம் பகல் 12 மணி நேரத்தை ஒட்டியே நிற்கிறது. செடி பச்சைப் பசேலென்று நிற்கும். பருக்கும் நேரம் வந்துவிட்டது என்று அதற்குச் சொல்ல ஆள் இல்லை.

உரம் அதிகம் போட்டாலோ தண்ணீர் அதிகம் ஊற்றினாலோ இது தீராது. உங்கள் கைராசியில் குறை ஒன்றும் இல்லை.

ஐஸ்பெட்டியில் (குளிர்பதனப் பெட்டியில்) வைத்து நட்டால் வரும் என்கிறார்களே?

பாதி உண்மை. ஐஸ்பெட்டி குளிரைக் கொடுக்கும், நீண்ட பகலைக் கொடுக்காது. ஆனாலும் குளிர் பட்ட பல், படாத பல்லைவிடச் சீக்கிரமாகவும் ஒரே சீராகவும் முளைக்கும். சிறியதாகவாவது ஒரு பூண்டு கட்ட வாய்ப்பும் கூடும். தழைக்காக நடுபவர்களுக்குக்கூட இதனால் நன்மை உண்டு.

செய்முறை இது. கெட்டியான, காயமில்லாத முழுப்பூண்டாகத் தேர்ந்தெடுங்கள். பற்களைப் பிரிக்காமல், தோலோடு, காகிதப் பையில் போட்டு ஐஸ்பெட்டியின் கீழ்த்தட்டில் ஆறு முதல் எட்டு வாரம் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். உறைபெட்டியில் ஒருபோதும் வைக்காதீர்கள், பல் செத்துவிடும். வாரம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள், மெத்தென்று ஆகியிருந்தால் அதை மட்டும் எறிந்துவிடுங்கள்.

ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்த அன்றே நட வேண்டும். எடுத்துச் சமையலறை மேடையில் ஒரு வாரம் கிடந்தால், வாங்கிய குளிரின் பலன் குறைந்துபோகும். நட்ட பிறகும் முதல் சில வாரம் மதிய வெயில் நேரடியாகப் படாத இடத்தில் தொட்டியை வைப்பது நல்லது.

அப்படியானால் நமக்கு எந்த மாதம் தோது?

மழையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பூண்டுக்கு நம் ஊரில் முதல் எதிரி வெயிலைவிட, தேங்கும் ஈரம்தான்.

பினாங்கில் செப்டம்பர், அக்டோபரில் மழை உச்சத்தில் இருக்கும். ஜனவரியும் பிப்ரவரியும் ஆண்டிலேயே வறண்ட மாதங்கள். கோலாலம்பூரில் ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் மாலை இடிமழை கொட்டித் தீர்க்கும். ஜூன், ஜூலையில் மழை குறையும். ஆக, காணொளியில் சொல்கிற அக்டோபர் நமக்கு மோசமான மாதம்.

எளிதாக நினைவில் வைக்கத் தீபாவளியைக் கணக்காக வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளி ஓய்ந்ததும் பூண்டை ஐஸ்பெட்டியில் வையுங்கள். ஆண்டு முடிவில் எடுத்து நடுங்கள். தைப்பூசம், சீனப் புத்தாண்டை ஒட்டித் தழை அறுக்கலாம். கோலாலம்பூரில் இருப்பவர்கள் ஏப்ரலில் ஐஸ்பெட்டியில் வைத்து ஜூன் தொடக்கத்தில் இன்னொரு முறை நடலாம். கூரை உள்ள பால்கனிக்காரர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை, எந்த மாதமும் நல்ல மாதமே.

கடையில் வாங்கிய சீனப் பூண்டையே நடலாமா?

தழைக்குத் தாராளமாக நடலாம். நம் கடைகளுக்கு வருவதில் பெரும்பகுதி சீனாவிலிருந்து குளிர்க்கிடங்குகளில் இருந்து வருவது. சில, அடியிலுள்ள வேர்களை ஒட்ட வழித்து வந்திருக்கும். வேர் முளைக்கும் அடித்தட்டு சேதமாகாமல் இருந்தால் போதும், முளைத்துவிடும். சமையலறைக் கூடையில் பச்சை முளை எட்டிப்பார்க்கும் பூண்டுதான் நடுவதற்கு மிகத் தயாரான பூண்டு. அதைக் குப்பையில் போடாதீர்கள்.

உரித்துப் பாக்கெட்டில் விற்கும் பற்கள் வேண்டாம். தோல் இல்லாத பல் நம் ஈரத்தில் முளைப்பதற்கு முன்பே அழுகிவிடும்.

எந்த மண்? எந்தத் தொட்டி?

தோட்டத்து மண்ணை அப்படியே அள்ளிப் போட வேண்டாம். நம் செம்மண் மழைக்காலத்தில் களியாக இறுகிவிடும். போதாக்குறைக்கு அமிலத்தன்மை அதிகம். பூண்டுக்குப் பி.எச். 6 முதல் 7 வரை இருந்தால் பிடிக்கும். செடிக்கடையில் விற்கும் கறுப்பு மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு என்று கலந்து, ஒரு கைப்பிடி டோலமைட் சுண்ணாம்புத் தூளையும் சேர்த்து, நடுவதற்கு இரண்டு வாரம் முன்பே நனைத்து வைத்துவிடுங்கள். சுங்கை பூலோவில் வரிசையாக இருக்கும் நாற்றுப்பண்ணைகளில் இவை எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். கோழி எரு போடுவதானால் நன்றாக மக்கியதாக இருக்கட்டும். பச்சை எருவின் சூட்டில் வேர் கருகும்.

தொட்டி 20 சென்டிமீட்டர் ஆழம் இருந்தால் போதும். அடியில் ஓட்டைகள் நிறைய வேண்டும். தொட்டிக்குக் கீழே தட்டு வைக்காதீர்கள், இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். தட்டில் நிற்கும் தண்ணீரில் பூண்டு வேர் அழுகும் என்பது சின்ன விஷயம். அதில் ஏடிஸ் கொசு முட்டையிடும் என்பது உயிர்ப் பிரச்சினை. டிங்கி காய்ச்சல் உள்ள தாமான்களில் சுகாதார அதிகாரிகள் வந்து பார்க்கும்போது அந்தத் தட்டில் கொசுப்புழு இருந்தால் அபராதம் விழலாம். பால்கனித் தரை நனையக்கூடாது என்று தட்டு வைத்தே தீர வேண்டியவர்கள், அதில் மணலை நிரப்பி வையுங்கள்.

எப்படி நடுவது? எப்படி அறுப்பது?

பற்களை நடுகிற அன்று பிரியுங்கள். பெரிய பற்களை நட்டுவிட்டு, சிறியவற்றைச் சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பல்லில் சேமிப்பு அதிகம், தழையும் தடிமனாக வரும். கூரான முனை மேலே, தட்டையான வேர்ப்பக்கம் கீழே. தழைக்கு மூன்று விரற்கடை இடைவெளி போதும், நெருக்கமாக நட்டால் தப்பில்லை. முழுப்பூண்டு முயற்சிக்கு ஒரு சாண் இடைவெளி விடுங்கள். பல்லின் முனை மண்ணுக்குள் 2 சென்டிமீட்டர் மறைந்தால் சரி. குளிர்நாட்டுக்காரர்கள் இன்னும் ஆழமாக நடுவது பனியிலிருந்து காக்கத்தான். நமக்கு ஆழம் கூடினால் அழுகல்தான் மிச்சம்.

காலை வெயில் நான்கைந்து மணி நேரம் விழுந்து, பிற்பகலில் நிழல் தட்டும் இடம் மிகப் பொருத்தம். விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் விடுங்கள்.

ஒரு வாரத்தில் முளை தெரியும். மூன்று நான்கு வாரத்தில் தழை ஒரு சாண் உயரத்தைத் தாண்டியதும், மண்ணுக்கு மேல் இரண்டு விரற்கடை விட்டு அறுக்கலாம். மீண்டும் துளிர்க்கும். இரண்டாவது அறுப்பும் நன்றாக இருக்கும். மூன்றாவது மெலிந்துவிடும், அதற்குப் பிறகு பல்லில் சத்து இருக்காது. இரண்டு வாரத்துக்கு ஒரு தொட்டி என்று மாற்றி மாற்றி நட்டு வந்தால் வீட்டில் தழைக்குப் பஞ்சமே வராது. முழுப்பூண்டுக்காக வைத்திருக்கும் தொட்டியில் மட்டும் ஒரு தழையைக்கூடக் கிள்ளாதீர்கள்.

பூண்டுத் தழையை என்ன செய்வது?

வெங்காயத் தாளைப் போடும் எல்லா இடத்திலும் போடலாம். ஆனால் வாசனை பூண்டுடையது, காரம் மட்டும் மிதம். முட்டையோடு கிளறினால் தனி ருசி. காய்ந்த மிளகாய், புளி, தேங்காய் வைத்துத் துவையலாக அரைக்கலாம். நெத்திலிச் சம்பலை இறக்கும் முன் ஒரு பிடி தூவிப் பாருங்கள். மீ கோரேங், ரசம், மீன் குழம்பு என எதிலும் கடைசியில் சேர்ப்பதுதான் முறை. நெடுநேரம் கொதித்தால் வாசனை பறந்துவிடும். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சாப்பாட்டில் பூண்டு சேர்க்கும் வீடுகளில், பூண்டுப் பல் எரிச்சலாக இருக்கிறது என்பவர்களுக்குத் தழையை வதக்கிக் கொடுப்பது ஒரு மென்மையான மாற்று.

நாலு மாதம் காத்திருந்து தோண்டினேன். பற்களே பிரியாமல் ஒரே உருண்டையாக இருக்கிறது. கெட்டுவிட்டதா?

கெடவில்லை. குளிர் போதாமல் வளர்ந்த பூண்டு, பற்களாகப் பிரியாமல் ஒற்றை உருண்டையாகவே நின்றுவிடுவதுண்டு. கடைகளில் ஒற்றைப்பூண்டு என்று தனி விலைக்கு விற்பதும் இப்படிப் பிரியாமல் நின்ற பூண்டுதான். தாராளமாகச் சமைக்கலாம். நம் தாழ்நிலத்தில் இந்த அளவுக்கு வந்தாலே உங்கள் தொட்டி நன்றாகப் பராமரிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள், மகிழ்ச்சியடையுங்கள். வெறும் வேரும் வெங்காயத் தாள் மாதிரி ஒரு தண்டும் மட்டும் இருந்தால், அதையும் நறுக்கிச் சமையலில் சேர்த்துவிடலாம்.

இலை நுனி மஞ்சளாகிறது. செடி சாய்கிறது. என்ன நோய்?

முதலில் செடியை லேசாக இழுத்துப் பாருங்கள். வேரில்லாமல் கையோடு வந்து, அடிப்பகுதி மெத்தென்று நாறினால் அழுகல். அந்தச் செடியையும் சுற்றியுள்ள மண்ணையும் அள்ளி எறிந்துவிடுங்கள். அதே மண்ணில் வெங்காயமோ பூண்டோ உடனே திரும்ப நடக்கூடாது. வேர் கெட்டியாக இருந்து, இலையில் வெள்ளி நிறக் கீறல்கள் தெரிந்தால் இலைப்பேன். குழாய்த் தண்ணீரை வேகமாக இலை மேல் பீய்ச்சி, பிறகு வேப்பெண்ணெயைச் சில துளி சோப்புத் தண்ணீரில் கலந்து மாலையில் தெளியுங்கள். இலையில் ஊதா நிறத் திட்டுகள் வந்தால் பூஞ்சை. பட்ட இலைகளை வெட்டி அகற்றி, தொட்டிகளுக்கு இடையே காற்றோட்டம் விடுங்கள். சாப்பிடும் தழைக்குக் கடுமையான மருந்து அடிப்பதை நான் விரும்புவதில்லை. நட்ட நான்கே வாரத்தில் அறுக்கிற பயிர் இது, மறுபடி நடுவது மருந்தைவிட மலிவு.

நுனி மட்டும் லேசாகக் காய்ந்திருந்தால் அது வெயில் சூடு. கவலை வேண்டாம்.

கேமரன் மலையில் வருமா? பினாங்கு மலையில்?

பினாங்குக் கொடிமலை உச்சி 833 மீட்டர். கீழே ஜார்ஜ் டவுனைவிட ஐந்து டிகிரி அளவுக்குக் குளிர்ச்சி. பூண்டுக்கு அது போதாது. கேமரனில் தானா ராத்தா ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரம், இரவில் 15, 16 டிகிரிவரை இறங்கும். அங்கே உறவினர் வீடு இருந்தால், ஐஸ்பெட்டியில் வைத்த பூண்டைக் கொடுத்து நடச் சொல்லுங்கள். நம் நாட்டில் முழுப்பூண்டுக்கு நல்ல வாய்ப்பு உள்ள இடம் அதுதான்.

நிலநடுக்கோட்டுக்கு அருகிலேயே பூண்டு விளைவிக்கும் மக்கள் உண்டு. ஜாவாவில் லாவு மலைச் சரிவில் உள்ள தாவாங்மாங்கு அதற்குப் பெயர் பெற்ற ஊர். லும்பு ஹிஜாவ், லும்பு கூனிங் என்று இந்தோனேசியாவுக்கே உரிய வகைகள் இருக்கின்றன. மலைக்குளிரும், குறுகிய பகலுக்குப் பழகிய விதையும் சேர்ந்ததால் அது முடிகிறது.

கொடைக்கானல் மலைப்பூண்டு வாங்கி வந்து இங்கே நடலாமா?

கொடைக்கானல் மலைப்பூண்டு புவிசார் குறியீடு பெற்ற பூண்டு, வாசனையும் காரமும் அபாரம். அது விளைவது 2,000 மீட்டரை ஒட்டிய மலையில், குளிர்ந்த இரவுகளில். குறுகிய பகலுக்குப் பழகியது என்பதால் சீனப் பூண்டைவிட நமக்குச் சற்று நெருக்கமான வகைதான், ஆனால் கோலாலம்பூர் செந்தூலின் புழுக்கத்தில் அதற்கும் மூச்சு முட்டும்.

அதைவிட முக்கியமானது, நடுவதற்கான செடி, விதை, கிழங்கு எதையும் வெளிநாட்டிலிருந்து அனுமதியின்றிக் கொண்டுவரக்கூடாது. அதற்கு மலேசிய அரசின் இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் பயிர்ச் சுகாதாரச் சான்றும் வேண்டும். வெள்ளையழுகல் போன்ற மண்நோய்கள் ஒரு பல்லில் ஒட்டி வந்து பல ஆண்டு மண்ணில் தங்கிவிடும். நம் மலைத்தோட்டங்களில் காய்கறி பயிரிட்டுப் பிழைக்கும் குடும்பங்களை நினைத்தாவது பெட்டியில் ஒளித்துக் கொண்டுவராதீர்கள்.

மகள் லண்டனில், மகன் மெல்பர்னில். அவர்கள் எப்போது நட வேண்டும்?

அவர்கள் கொடுத்துவைத்தவர்கள்! லண்டனில் அக்டோபர், நவம்பரில் நட்டு, ஜூன் கடைசியிலிருந்து ஜூலைக்குள் எடுக்கலாம். மெல்பர்னில் பருவம் தலைகீழ். அங்கே இலையுதிர் காலம் மார்ச் முதல் மே வரை. ஏப்ரல் வாக்கில் நட்டால் நவம்பர், டிசம்பரில் தயார். இருவரும் முனை 3 முதல் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கும்படி நட்டு, மேலே வைக்கோல் போட்டுவிடட்டும். அடி இலைகளில் மூன்றில் ஒரு பங்கு காய்ந்ததும் தோண்டி, மண்ணைத் தட்டி, கழுவாமல், நிழலில் இரண்டு மூன்று வாரம் தொங்கவிட வேண்டும். தண்டு கெட்டியான வகையை நட்டிருந்தால் நடுவில் சுருண்ட பூந்தண்டு வரும். அதை வெட்டி எடுத்துச் சமைத்தால் பூண்டும் பருக்கும், ஒரு வேளைப் பொரியலும் ஆகும்.

வேலி ஓரமாகப் பூண்டு நட்டால் பாம்பு வராதாமே?

அதை நம்பி இருந்துவிடாதீர்கள். பூண்டு பாம்பைத் தடுக்கும் என்பதற்கு நம்பகமான சான்று இல்லை. பாம்பு வருவது எலிக்காகவும் மறைவிடத்துக்காகவும். புல்லை வெட்டுங்கள், வேலி ஓரம் அடுக்கிய பலகை, ஓடுகளை அகற்றுங்கள், பூனை உணவை இரவில் வெளியே வைக்காதீர்கள். பாம்பைப் பார்த்தால் விலகி நின்று 999க்கு அழையுங்கள். பொதுத் தற்காப்புப் படையோ தீயணைப்பு மீட்புப் படையோ வந்து பிடிப்பார்கள்.

வீட்டில் பூனையும் நாயும் இருக்கின்றன. ஆபத்தா?

ஆம். பூண்டு, வெங்காயம், அவற்றின் தழை எல்லாமே பூனைக்கும் நாய்க்கும் நஞ்சு; இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பூனைக்குச் சிறிதளவே போதும். தொட்டியை எட்டாத உயரத்தில் வையுங்கள். தழை போட்டுச் சமைத்த மிச்சத்தையும் போடாதீர்கள்.

இத்தனையும் வேண்டாம், ஒருமுறை நட்டால் ஆண்டுக்கணக்கில் அறுக்கிற மாதிரி ஏதாவது இருக்கிறதா?

குச்சாய் நடுங்கள். பினாங்குச் சார் குவே தியாவில் முளைப்பயறோடு பச்சையாகத் தட்டைத் தழை கிடக்குமே, அதுதான். பூண்டின் சொந்தக்காரச் செடி, வாசனையும் பூண்டை ஒட்டியது. குளிரும் கேட்காது, நீண்ட பகலும் கேட்காது. நாற்றுப்பண்ணையில் ஒரு கொத்து வாங்கிப் பிரித்து, ஒரு சாண் இடைவெளியில் நடுங்கள். வேர் பிடித்ததும் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை அறுக்கலாம். ஒவ்வொரு அறுப்புக்குப் பிறகும் ஒரு கைப்பிடி மக்கிய எரு. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கொத்தைத் தோண்டிப் பிரித்து நட்டால் பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம். வெள்ளைப் பூ மொட்டு விடும்போது அந்தத் தண்டோடு கிள்ளி இறாலுடன் வதக்குங்கள்.